பெரியப்பாவின் கணினியில் ஒரு சிவப்புப் பெட்டி

நேற்று அல்சூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். "கணினியில் மூன்று வைரஸ் இருக்கிறதாம், உடனே பணம் கட்டச் சொல்கிறது, வந்து பாரப்பா" என்று பதறினார்.

திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி. அதை அனுப்பியது ஆன்டிவைரஸே அல்ல. ஏதோ ஓர் இணையதளம் அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்டபோது, குரோமில் அவர் அறியாமலே 'அனுமதி' என்று அழுத்தியிருக்கிறார். அமைப்புகளுக்குள் போய் அந்த அனுமதியை நீக்கினேன், பெட்டி மறைந்தது.

அடுத்து நான் பார்த்ததுதான் கோபமூட்டியது. கணினியைப் பழுதுபார்த்த கடைக்காரர் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டிருந்தார். ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் பாய்ந்து சோதிக்கும். கணினி தவழாமல் என்ன செய்யும்? இரண்டையும் நீக்கினேன். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வேறொன்றைப் போட்டால் ஒதுங்கிக்கொள்ளும், எடுத்துவிட்டால் தானே திரும்பிவரும். பென்ஷன் கணக்கும் பேரன் படங்களும் பார்ப்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஆன்டிவைரஸ் சந்தாவுக்குக் கட்டும் பணத்தில் படங்களை நகலெடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற வைரஸ் உலகையே உலுக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பெரியப்பாவின் கணினியிலோ அப்டேட்டுகள் எட்டு மாதமாகக் காத்துக் கிடந்தன. அவற்றை ஓடவிட்டு, பெரியம்மா கொடுத்த காபியோடு இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.