கேபினெட்டுக்குள் 48 விளக்குகள்

மார்ச் 1, சனி

கணினி கேபினெட்டோடு வந்த விளக்குக் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டேன். ஒரு பட்டன், ஓயாத வானவில் ஓட்டம். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிராசசர் சூடேறுவது எனக்கு விளக்கில் தெரிய வேண்டும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில், நிரல் எழுதி இயக்கும் இஎஸ்பி32 என்ற குட்டி போர்டும், ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்ற முடிகிற டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை ஒரு மீட்டரும் வாங்கினேன். அதிலுள்ள 60 விளக்குகளில் 48 போதும்.

மார்ச் 2, ஞாயிறு

முழு வெள்ளையில் ஒரு விளக்கு சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும். 48க்கு 2.88 ஆம்பியர். மதர்போர்டில் விளக்குக்கென்று இருக்கும் மூன்று பின் இணைப்பு 3 ஆம்பியர்தான் தாங்கும் என்கிறது கையேடு. அவ்வளவு விளிம்பில் போய் நிற்க மனமில்லை. பவர் சப்ளையிலிருந்து வரும் நாலு பின் மோலெக்ஸ் வயரிலிருந்தே எடுத்தேன். சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12. மாற்றிக் கொடுத்தால் பட்டை காலி. மல்டிமீட்டரில் இரண்டு முறை பார்த்த பிறகுதான் பற்றவைத்தேன்.

மார்ச் 5, புதன்

விளக்குகள் எரிகின்றன, ஆனால் பேய் பிடித்ததுபோல. நீலம் கேட்டால் நடுவில் பச்சை வெட்டுகிறது. கிரவுண்ட் சரி, சால்டரிங் சரி. பட்டை விற்றவரை மனதுக்குள் திட்டிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 8, சனி

பட்டை விற்றவர் மேல் தப்பில்லை. 5 வோல்ட்டில் ஓடும் விளக்குக்கு, சிக்னல் அதில் 70 சதவீதமாவது, அதாவது 3.5 வோல்ட், இருக்க வேண்டும். இஎஸ்பி32 தருவது 3.3. சிக்னலின் வோல்ட்டை ஏற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் ஐசி கைவசம் இல்லை. முதல் விளக்கின் பவர் வழியில் மட்டும், வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்க ஒரு டயோடு போட்டேன். அதற்குக் கிடைப்பது 4.3 வோல்ட் ஆனதும் 3 வோல்ட் சிக்னலே போதும் என்றாகிவிட்டது. அது அடுத்த விளக்குக்கு அனுப்புவது 4.3, தாராளம். ஒரு டயோடு எத்தனை ரூபாய்க்கு வரும்! மூன்று ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மார்ச் 9, ஞாயிறு

கணினியில் ஒரு சின்ன பைத்தான் நிரல் நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையை யூஎஸ்பியில் அனுப்புகிறது. 40 டிகிரிக்கு நீலம், 80க்குச் சிவப்பு. கேம் திறந்ததும் நிறம் தூக்கிப்போட்டது. ஐந்து நொடி சராசரி எடுத்த பிறகு பதமாக மாறுகிறது.

இரவு கணினியை அணைத்த பிறகும் முதல் விளக்கு மட்டும் மங்கலாகச் சிவந்து கிடந்தது. யூஎஸ்பியில் மின்சாரம் நிற்காததால் போர்டு இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிக்னலையே குடித்து எரிகிறது விளக்கு. நாளை யூஎஸ்பியின் சிவப்பு வயரை வெட்டி, போர்டையும் மோலெக்ஸிலேயே சேர்த்துவிட வேண்டும்.