அன்று எடுத்துக் கொடுக்காத ரெக்கார்டு

"அது என்ன?" என்று அவர் கேட்டார். "அது இன்றைக்கு வேண்டாம்" என்றேன். நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடம் ஆகிறது, இன்னும் இந்த இரண்டு வரியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோகமான ஃபோக், அதாவது நாட்டுப்புறச் சாயல் உள்ள எளிய பாட்டு, வேண்டும் என்று லண்டனில் எங்கள் ரெக்கார்டு கடைக்குத் தினமும் யாராவது வருவார்கள். பெரும்பாலோருக்கு மழை நாளில் கேட்க ஒன்று கிடைத்தால் போதும். ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பத்தை எடுத்துக் கொடுப்பேன். 28 நிமிடம், ஒரு குரல், ஒரு கிதார், ஒரே ஓர் இடத்தில் கொஞ்சம் பியானோ. மறுவாரமே வந்து அடுத்தது என்ன என்று கேட்பார்கள். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதற்காகத்தான்.

இவர் அப்படி வரவில்லை. மனைவி இறந்து இரண்டு மாதம் என்றார். "வீட்டில் சத்தமே இல்லை. அமைதியாக ஏதாவது வேண்டும், ஆனால் பொய்யாக இருக்கக்கூடாது." அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை 'எம்' வரிசைக்குப் போய்விட்டது. மவுண்ட் ஈரி, 'எ க்ரோ லுக்ட் அட் மி', 2017. பாதி வெளியே இழுத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினேன். அதைப் பார்த்துத்தான் அவர் கேட்டார்.

மவுண்ட் ஈரி என்பது ஃபில் எல்வெரம் என்ற ஒரே ஆள். அவருடைய மனைவி ஜென்வியேவ் காஸ்த்ரே படக்கதை ஓவியர், பாடகரும்கூட. 2016 ஜூலையில் கணையப் புற்றுநோயில் இறந்தார்; மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. எல்வெரம் அவர் இறந்த அதே அறையில் உட்கார்ந்து, பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களையே வாசித்து இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். இறந்து ஒரு வாரம் கழித்து மனைவி பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. பிரித்தால், மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்துக்காக அவர் சொல்லாமல் ஆர்டர் செய்திருந்த முதுகுப்பை. முதல் பாட்டிலேயே இது வந்துவிடும். இதையெல்லாம் பாட்டாக்கக்கூடாது என்பதையும் எல்வெரம் அந்தப் பாட்டிலேயே சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடை மூடும் நேரம். ஆளில்லாத வீட்டுக்குப் போகப்போகிறவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புவதா? அந்த நிமிடம் சரியென்று பட்டதைத்தான் செய்தேன். இன்று நின்றாலும் அதையேதான் செய்வேன் என்று சில நாள் தோன்றும்.

அவருக்கு நான் கொடுத்தது ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யனின் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'. நல்ல ஆல்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை உறுத்துவது அதோடு நான் சொன்ன கதை. 1968இல் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிக் கிளம்பி, வழியெல்லாம் எழுதிய பாட்டுகள், 1970இல் வெளிவந்தபோது வாங்க ஆளில்லை, பாட்டையே விட்டுவிட்டார், 2000இல் மறுபடி அச்சிட்டார்கள், கேட்க ஆள் வந்தார்கள், 2005இல் இரண்டாவது ஆல்பமே வந்தது. முப்பது வருடம் கழித்து ஒரு குரல் திரும்பி வந்தது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வராத ஒருவருக்காக வீட்டில் சத்தமில்லாமல் இருக்கும் மனிதரிடம் போய். அவர் பொறுமையாகக் கேட்டார், பணம் கொடுத்தார், போய்விட்டார்.

என் தாத்தா இறந்தபோது அத்தைகள் பாடிய ஒப்பாரி எனக்கு நினைவிருக்கிறது. அதில் ஆறுதல் ஒரு வரிகூடக் கிடையாது. அவருடைய சைக்கிள் வந்தது, தோளில் கிடந்த துண்டு வந்தது, யாரைக் கேட்டுப் போனாய் என்று அவரையே கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். எல்வெரமும் பெரும்பாலும் 'நீ' என்று மனைவியிடம்தான் பேசுகிறார், அதே மாதிரி ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்து. துக்க வீட்டில் எது பாடவேண்டும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கா தெரியாது? ஆனால் அத்தைகளைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் மயங்கினால் தாங்கிப் பிடிக்கக் கை இருந்தது. கடைக்கு வந்தவர் வீட்டில் யார் இருந்திருப்பார்கள்? அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்ற வந்தார். "அந்த ரெக்கார்டு நன்றாக இருந்தது" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி தேய்கிற அளவுக்கு எதையோ கேட்டிருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். போகும்போது 'எம்' வரிசையில் நின்று கொஞ்ச நேரம் விரலால் தள்ளிப் பார்த்தார். அந்த ஆல்பம் அங்கேதான் இருந்தது. நான் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். குனிந்து பில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பிடித்த ஆல்பங்களின் உறையில் நாலு வரி எழுதிய சீட்டு ஒட்டுவது கடையில் வழக்கம். இதற்கு எழுதும் வேலை என்னுடையது. முதலில் "வாங்குமுன் எங்களிடம் பேசுங்கள்" என்று எழுதினேன், கிழித்துவிட்டேன். இப்போது அந்த அறையையும் அந்த வருடத்தையும் மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "இது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். யாருக்காக என்று கேட்டேன்.