மாரிக்கு ஒரு சட்டி

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு. ஆரையம்பதி, மட்டக்களப்பு

கச்சான் காற்று அடங்கி நான்கைந்து நாட்களாகின்றன. வைகாசியிலிருந்து புழுதியை அள்ளி வந்து வீட்டுக்குள் கொட்டிய அந்த வறண்ட மேல்காற்று நின்றதும், பிற்பகல் மூன்று மணிக்கே கடற்பக்கத்து வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது. இன்று பெய்த மழை முற்றத்து மணலை இறுக்கியிருக்கிறது. இனித் தை வரைக்கும் நமக்கு மாரி.

மனைவி தாதியாகப் பணிபுரிகிறார். இந்த மாதங்களில் அவருக்கு இரவுக் கடமை அதிகம் என்பதால் சமையல் என் பொறுப்பில் வந்திருக்கிறது. வீட்டில் எண்பத்து மூன்று வயதான அம்மா இருக்கிறார். அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. அடுத்த மாதம் உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கும் மகனும் இருக்கிறான். அவனுக்கு எப்போதும் பசி. இருவருக்கும் தனித்தனியாகச் சமைக்க எனக்கு நேரமில்லாதபடியால், சோறும் கறியும் ஒன்றாக வெந்து இறங்கும் ஒரு சட்டிச் சமையலைப் பழகிக்கொள்வது என்று தீர்மானித்து, அதை இந்தக் குறிப்பேட்டில் எழுதிவரப் போகிறேன்.

முதல் நாளே பிழைத்துவிட்டது. சிவப்புப் பச்சையரிசி இரண்டு சுண்டு (அரிசி அளக்கும் சிறு பேணி), பயறு அரைச் சுண்டு, பூசணிக்காய் ஒரு கீறு, உள்ளி, பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பால், பழப்புளிக் கரைசல் அனைத்தையும் ஒரேயடியாகப் போட்டு மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது பூசணிக்காய் இருந்த இடம் தெரியவில்லை, பால் திரைந்திருந்தது, பயறோ கல்லாகவே கிடந்தது. அம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு சட்டி எண்டா எல்லாத்தையும் ஒரே நேரத்தில போடுற எண்டு ஆரு மனே சொன்ன?" என்று கேட்டார்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

அம்மாவின் கேள்வியை ஒரு வாரமாக மனத்தில் வைத்திருந்து, இன்று அதே பொருட்களைக் கொண்டு மறுபடியும் சமைத்தேன். இம்முறை அவரை அடுப்படியில் கதிரை போட்டு இருத்திக்கொண்டேன்.

பயறை வெறுஞ்சட்டியில் வாசம் எழும்வரை வறுத்து, கழுவி, தண்ணீரில் தனியே வேகவிட்டேன். நகத்தால் அழுத்தினால் பிளக்கும் நிலைக்கு அது வந்த பின்னரே அரிசியைச் சேர்த்தேன். அரிசி பாதி வெந்ததும், தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டிய பூசணிக்காயும், கீறிய கொச்சிக்காயும், உள்ளியும், இரண்டாம் பாலும் சென்றன. பழப்புளி கடைசிக்குச் சற்று முன்னர்தான் விழுந்தது. புளிப்பு முந்திவிட்டால் பயறும் கிழங்கும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் இளகமாட்டா என்பதை அம்மா தன் அனுபவத்தால் அறிந்திருக்கிறார். சென்ற வாரம் என் பயறு கல்லாகக் கிடந்ததற்குக் காரணம் அதுதான். முதற்பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றிக் கிளறினேன். கொதிக்கும் புளியோடு சேர்ந்தால் அது திரைந்துவிடும்.

தண்ணீர் விடயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் சிறிய வாக்குவாதம் நடந்தது. நான் சுண்டால் அளந்தேன், அவர் அரிசிக்கு மேல் விரல் வைத்துப் பார்த்துக் கூடிவிட்டது என்றார். அவர் சொன்னதே சரி. இது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்த சிறுபோக அரிசி, ஆவணியில் வெட்டிய நெல்லைக் குற்றியது. புது அரிசி பழைய அரிசியைப் போலத் தண்ணீர் குடிப்பதில்லை. சீக்கிரம் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெறுஞ்சோற்றுக்கு அது குறையாக இருக்கலாம், ஒரு சட்டிச் சமையலுக்கோ அந்தக் குழைவுதான் வேண்டும்.

அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகன் சுட்ட பாரைக் கருவாட்டைப் பிய்த்து மேலே போட்டுக்கொண்டான். கடிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்பது அவன் வயதின் நியாயம்.

நவம்பர் 3, ஞாயிறு

கந்தசஷ்டி விரதம். அம்மா பகலில் பாலும் பழமும் மட்டுமே எடுக்கிறார். எங்கள் இருவருக்கும் முருங்கையிலை போட்ட பாற்கஞ்சி. வேறொன்றும் எழுதுவதற்கில்லை, மழையும் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சூரன் போர் முடிந்துவிட்டதால் வீட்டில் மறுபடியும் மீனும் மச்சமும். மனைவிக்கும் இன்று விடுமுறை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஒரு சட்டிச் சமையல் என்று நான் பெரிதாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு, அப்படியானால் ஒடியற்கூழ் காய்ச்சாமல் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டு, காலையிலேயே ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப் போட்டார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவுக்கு ஒரு காறல் உண்டு. ஊறவிட்டு மேல்நீரை இரண்டு மூன்று தடவை வடித்தால்தான் அது போகும்.

பெரிய பானையில் நிறையத் தண்ணீர் கொதித்தது. ஒரு பிடி அரிசி, பிறகு மரவள்ளித் துண்டுகள், பிறகு பயற்றங்காய், பிறகு மீன் தலைகளும் பிளந்த நண்டும், அதன் பிறகு இறாலும் முருங்கையிலையும் என்று, வேக எடுக்கும் நேரத்தின்படி ஒவ்வொன்றாக இறங்கின. செத்தல் மிளகாயை உப்போடு அரைத்துப் புளியில் கரைத்து ஊற்றினார். எல்லாம் வெந்த பின்னர் தணலைக் குறைத்து, ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, கட்டிபடாமல் அகப்பையை நிறுத்தாது துழாவிக்கொண்டே இருந்தார். நான் மூன்று வாரமாகக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட அந்த வரிசையை அவர் யோசனையே இல்லாமல் கைப்பழக்கத்தில் செய்வதைப் பார்த்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது.

படுவான்கரையில் வளர்ந்த அம்மாவின் நாக்குக்குக் கூழ் அவ்வளவு பழக்கமில்லை. முதலில் "என்ன மனே, மணமே வேற மாதிரிக் கிடக்கு" என்றார். பின்பு நண்டுக்காலை உறிஞ்சியபடி அரை மணி நேரம் மௌனமாக இருந்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

மூன்று நாட்களாக விட்டு விட்டு மழை. வாவி கலங்கிச் சிவப்பேறியிருக்கிறது. மேற்கிலிருந்து வெள்ள நீர் இறங்கும்போது வாவி இறால் முகத்துவாரத்தை நோக்கி நகரும். அப்போது வலைகளில் நன்றாக விழும். காலையில் வீட்டு வாசலிலேயே அரைக் கிலோ வாங்கினேன்.

மரவள்ளியும் இறாலும் ஒரு சட்டியில். மரவள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனெனில் அதில் அசட்டை கூடாது. அந்தக் கிழங்கில் இயல்பாகவே சயனைட் சேர்வை இருக்கிறது. மேற்றோலையும் அதன் கீழுள்ள தடித்த உட்தோலையும் முழுவதும் உரித்து, வெட்டித் தண்ணீரில் போட்டுவைத்து, புதுத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்த நீரையும் ஊற்றிவிட வேண்டும். நீலம் பாய்ந்த கிழங்கை வெட்டி ஒதுக்குவதிலும் பயனில்லை, எறிந்துவிட வேண்டும். மரவள்ளி தின்ற நாளில் இஞ்சி தொடக் கூடாது என்பது இங்குள்ள வீடுகளில் மாறாத கட்டுப்பாடு. ஆகவே அம்மாவுக்கு இன்று இஞ்சிப் பிளேன்ரீ கிடையாது, நானும் கேட்டு வாதாடவில்லை.

அவிந்த கிழங்கில் இரண்டாம் பாலும், மஞ்சளும், வெட்டிய வெங்காயமும், வாசத்துக்கு றம்பை இலையும், கறிவேப்பிலையும் சேர்த்துக் கொதித்ததும் இறாலைப் போட்டு, அது சுருண்டு நிறம் மாறியவுடன் இறக்கிவிட்டேன். இறாலுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் அம்மாவால் மெல்ல முடியாது. கிழங்கில் பாதியை அகப்பையால் மசித்து அதே சட்டியில் கலந்தேன். மசிந்த பாதி குழம்பைத் தடிப்பாக்கியது, மசியாத பாதி மகனுக்குப் போயிற்று.

நவம்பர் 24, ஞாயிறு

நாளை பரீட்சை தொடங்குகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருப்பதாக வானொலி சொல்கிறது. எரிப்பதற்குச் சிரட்டையையும் தேங்காய்ப் பொச்சையும் விறாந்தைக்குள் எடுத்து அடுக்கினேன். காஸ் சிலிண்டரில் பாதிதான் இருக்கிறது. தேங்காய் விலை ஏறியிருந்தாலும் பத்துத் தேங்காய் வாங்கி வைத்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இரவு முழுவதும் மழை நிற்கவில்லை. நாளை முதல் மூன்று நாட்களுக்குப் பரீட்சை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மின்சாரம் பிற்பகலில் நின்றது. பள்ள ஒழுங்கையில் வீடுகளுக்குள் நீர் ஏறியதால் மாமியும் அவருடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மனைவி வைத்தியசாலையிலிருந்து திரும்ப முடியவில்லை. இப்போது வீட்டில் பதினொரு பேர்.

கிணற்று நீர் கலங்கிவிட்டது. எடுத்து வைத்திருந்த நல்ல தண்ணீரை எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலையில் கஞ்சியைவிட உகந்த உணவு கிடையாது: வடித்து ஊற்ற ஒரு துளியும் இல்லை, கழுவுவதற்கும் ஒரு பானைதான். மூன்று சுண்டு அரிசியை வறுத்தேன். ஒரு சுண்டுக்கு எட்டுச் சுண்டு தண்ணீர், இரண்டு முழு உள்ளி, ஒரு கரண்டி வெந்தயம், தட்டிய மிளகு. முற்றத்து அடுப்பு நனைந்துவிட்டதால் விறாந்தை ஓரத்தில் மூன்று கல் வைத்துச் சிரட்டை மூட்டினேன். அரிசி மலர்ந்து நீரோடு ஒன்றானதும் பால் விட்டு இறக்கினேன். சிறுவர்களுக்கு முதலில் ஊற்றினோம்.

அரிசியை ஏன் வறுக்கவேண்டும் என்று மகன் கேட்டபோது அம்மா 1978ஆம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்து ஓய்ந்த மறுநாள், எங்கள் வளவில் நிமிர்ந்து நின்ற தென்னை இரண்டோ மூன்றோதான். எனக்கு அப்போது ஏழு வயது. முறிந்த மரங்களின் பச்சை மணம் மட்டும் நினைவிருக்கிறது. வீட்டில் இருந்த அரிசி மழையில் ஊறிப் புளித்த வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. அம்மா அதைப் பலமுறை கழுவி, சட்டியில் வறுத்து ஈரத்தையும் வாடையையும் போக்கி, விழுந்து கிடந்த தேங்காய்களைப் பிழிந்து கஞ்சி காய்ச்சினாராம். "தேங்காய்க்கு மட்டும் அண்டைக்குப் பஞ்சமில்ல மனே. மறுகா எத்தினை வருசம் இல்லாமப் போச்சு" என்றார். அன்று தொடங்கிய பழக்கமாம், நல்ல அரிசியையும் வறுத்தே கஞ்சி வைப்பது. நான் இத்தனை ஆண்டுகளாக அதை ருசிக்கான வழிமுறை என்றே நினைத்திருந்தேன்.

நவம்பர் 27, புதன்

நேற்று மாலை காரைதீவுப் பக்கம் மாவடிப்பள்ளியில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்ற செய்தியைக் காலையில் கேட்டோம். நேற்றைய கஞ்சியில் எஞ்சியதையே சூடாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பெரியவர்கள் வெகுநேரம் ஒன்றும் சாப்பிடவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

நீர் வடியத் தொடங்கியிருக்கிறது. மனைவி இன்று காலை வந்துசேர்ந்து குளித்துவிட்டு உறங்குகிறார்.

காத்தான்குடியில் இருக்கும் என் சக ஆசிரியர், பெரிய வாளி ஒன்றில் ஆட்டிறைச்சிக் கஞ்சியை மூடிக்கொண்டு, முழங்கால் நீரில் நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் காய்ச்சும் அதே கஞ்சிதான்; எங்கள் வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் காய்ச்சியிருக்கிறார். எலும்பை முதலில் உப்பும் இஞ்சியும் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, அந்தச் சாறு இறங்கிய பிறகே அரிசியைப் போடுவதாகவும், பாலும் றம்பையும் முடிவில் என்றும் வாசலில் நின்றபடியே விளக்கினார். மாமி சைவம் என்பதால் அவருக்கு மட்டும் நான் தனியே பருப்புக் கஞ்சி வைத்தேன். மற்ற அனைவரும் வாளியின் அடிவரை வழித்தோம்.

டிசம்பர் 4, புதன்

பரீட்சை இன்று மீண்டும் தொடங்கிற்று. அதிகாலை நான்கரைக்கு எழும்பியபோது மகன் எனக்கு முன்னரே அடுப்படியில் நின்றான். இரவே ஊறப் போட்டிருந்த பயறு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அதில் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு அரிசியைச் சொரிந்தான். நான் குறுக்கிடாமல் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

இரண்டு நாட்களாக நல்ல வெயில். மாமி குடும்பத்தினர் வீடு கழுவி முடித்துத் திரும்பிப் போய்விட்டார்கள். அடிப்பிடித்துக் கறுத்திருந்த பெரிய பானையைச் சாம்பலும் பொச்சும் கொண்டு தேய்ப்பதிலேயே காலை கழிந்தது.

வேலியோரத்து இராசவள்ளிக் கொடி வெள்ளத்தில் அழுகாமல் தப்பியிருக்கிறது. அந்த ஊதாக் கிழங்கை அவித்துக் கடைந்து, சீனியும் முதற்பாலும் விட்டுக் கஞ்சியாக்கினால் அம்மாவுக்கு மெல்ல வேண்டியதே இராது. இன்றைக்கே கிண்டிப் பார்க்கலாமா என்று மண்வெட்டியோடு நின்றேன். இலை இன்னும் பச்சையாக இருக்கிறது, கொடி வாடி மஞ்சளாகட்டும், தையில் பார்க்கலாம் என்று அம்மா விறாந்தையிலிருந்து சொன்னார். மண்வெட்டியைத் திரும்பவும் தாழ்வாரத்தில் சாத்தி வைத்துவிட்டு, மதியச் சட்டிக்குப் பயறு வறுக்க உள்ளே போனேன்.