செக்கிங் அக்காவோடு வெள்ளியங்கிரி ஏறிய இரவு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வரிசையாக மெஷின் போட்டுத் துணி தைக்கும் இடத்தைத்தான் லைன் என்போம்; தைக்கிற ஒவ்வொரு துணியும் ஒரு பீஸ். காலை 8.30 முதல் இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்ட். எங்கே பீஸ் தேங்குகிறதோ அங்கே போய் நின்று ஆட்களை முடுக்குவதுதான் என் வேலை. தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பும் வாரம் என்றால் குரலும் தானாக உயர்ந்துவிடும்.

எங்களிடம் அதிகம் தேங்குவது செக்கிங் டேபிளில், அதிலும் ஒரு அக்காவின் முன்னால். 55 வயதிருக்கும். ஒவ்வொரு பீஸையும் உள்ளும் புறமும் திருப்பி, தையலை விரலால் இழுத்துப் பார்த்துத்தான் விடுவார். "சீக்கிரம் விடுங்கக்கா" என்று தினமும் பத்துத் தடவையாவது சொல்வேன். அவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு ஒன்பது பேர் வேன் பிடித்து வெள்ளியங்கிரிக்குக் கிளம்பினோம். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மலையேற விடுவார்கள். பல வருஷமாக ஏறுகிற அயர்ன் மாஸ்டர்தான் எங்களைக் கூட்டிப்போனார். செக்கிங் அக்காவும் வந்தார். பத்து வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் இருக்கும் பெண்கள் ஏறுவதில்லை என்பது அந்த மலையின் வழக்கம். அதனால் டைலர் பெண்கள் யாரும் வரவில்லை. அவர்களும் வந்திருக்கவேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

பூண்டி அடிவாரத்தில் சாமி கும்பிட்டு, மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, நடு இரவில் ஏறத் தொடங்கினோம். ஏழு மலை ஏறினால்தான் சாமியைப் பார்க்கலாம்; ஒரு வழிக்கே 6 கிலோமீட்டர் போல இருக்கும். முதல் மலையின் படிகள்தான் ஆளை அடித்துப்போடும்.

"அக்கா, நீங்க முன்னால போங்க. யாரும் அக்காவைத் தாண்டக்கூடாதுங்க" என்றார் அயர்ன் மாஸ்டர்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்க் காத்திருக்கலாமே என்றேன்.

"அவங்களப் பின்னால விட்டா நம்மளப் பிடிக்கறதுக்கே மூச்சு வாங்க ஓடி வருவாங்க. நாம உக்காந்து எளைப்பாறிட்டு, அவங்க வந்ததும் எந்திரிச்சுக் கிளம்பிருவோம். அவங்க எப்பத்தானுங்க எளைப்பாறறது?"

இத்தனை வருஷம் லைன் ஓட்டிய எனக்கு இது தோன்றியதே இல்லை.

அக்காவுக்கு அடுத்து நான் நடந்தேன். வெள்ளை விநாயகர் கோயில் தாண்டியதும் எல்லோர் மூச்சும் ஒரு நிதானத்துக்கு வந்தது. கட்டிங் பையன்கள்கூட அடங்கி நடந்தார்கள். கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த இருட்டில் முகம் தெரியாததால்தானோ என்னவோ, எனக்கும் கேட்க வந்தது.

"ஏங்க்கா தையலை அப்படி இழுத்து இழுத்துப் பாக்கறீங்க?"

"முன்னால வேற கம்பெனில இருந்தேனுங் தம்பி. கொளந்தை பீஸு. கழுத்துத் தையலுக்குள்ள ஒடஞ்ச ஊசி மொனை இருந்துச்சு. என் விரல்ல குத்தித்தான் தெரிஞ்சது. கொளந்தை கழுத்துல குத்தியிருந்தா? அன்னைலருந்து கண்ணை நம்பறதில்லீங்."

மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துக் கணக்குக் காட்டிய பிறகே புது ஊசி தரவேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம் மாதிரி. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆனாலும் அந்த விரலுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்ததில்லை. அவசரப்படுத்தினேனே தவிர, ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங் தம்பி" என்று தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனை. குளிரில் பல் கிட்டியது. அக்கா மட்டும் தயங்காமல் குளித்தார். ஏழாவது மலை ஏறி, பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கத்தைப் பார்த்தபோது விடிந்திருந்தது. கீழே முழுக்க மேகம். ஒன்பது பேரும் ஒன்றாக நின்று கும்பிட்டோம்.

இறங்கும்போது என் முழங்கால் பிடித்துக்கொண்டது. அயர்ன் மாஸ்டர் என்னைப் பார்த்து, "இப்ப நீங்க முன்னால போங்க" என்றார். அடிவாரம் வரைக்கும் எட்டுப் பேரும் என் நடைக்கே வந்தார்கள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், குழந்தைகள் ஆர்டர் ஓடும்போது செக்கிங்குக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். தையலை விரலால் எப்படி இழுத்துப் பார்ப்பது என்று அக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.