ஹா ஜியாங்: வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடங்கள்

வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலைகளுக்கு பைக்கில் போகப்போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது லைசென்ஸைப் பற்றித்தான். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது, வியட்நாம் ஏற்பதோ 1968 ஒப்பந்தத்தின் உரிமத்தை. அதனால் நம் உரிமம் அங்கே செல்லாது. வாடகைக் கடையில் இதையெல்லாம் கேட்காமலே சாவியை நீட்டிவிடுவார்கள். வழியில் போலீஸ் கைகாட்டும்போதோ, விழுந்து காலை உடைத்துக்கொண்டு இன்சூரன்ஸுக்கு எழுதும்போதோதான் விவகாரம் தெரியும்.

அதனால் உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து போவதே மேல். ஈஸி ரைடர் என்பார்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஓட்டுகிறவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாத இடங்களில் பள்ளத்தாக்கை ஆற அமரப் பார்ப்பது பின்னால் இருப்பவர்தான்.

அப்படிப் பார்க்க வேண்டிய இடம் டோங் வானுக்கும் மியோ வாக்குக்கும் நடுவே உள்ள மா பி லெங் கணவாய். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபக்கம் அதலபாதாளம், அடியில் நோ குவே ஆறு. ஹா ஜியாங் நகரத்திலிருந்து மியோ வாக் வரை ஏறத்தாழ 185 கிலோமீட்டர் சாலையை 1959 முதல் 1965 வரை பெரும்பாலும் கைவேலையாகவே வெட்டியிருக்கிறார்கள். மா பி லெங்கில் இளைஞர்கள் உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் தொங்கியபடி துளை போட்டார்கள், அந்தத் துண்டுக்கு மட்டும் 11 மாதம் பிடித்ததாம். இதற்கு மகிழ்ச்சிச் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், என்ன சொல்ல!

சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டு வண்டியிலேயே சுற்றித் திரும்பினால் பாதிதான் பார்த்தது போல. கணவாயில் சாலைக்கு மேலே மலையோரமாக ஒரு நடைபாதை போகிறது, அதில் ஒரு மணி நேரமாவது நடங்கள். பைக்கில் போகையில் வெறும் பச்சைத் திட்டாகக் கடந்துபோவது, நடக்கும்போதுதான் மக்காச்சோளக் காடு என்று தெரிகிறது, அதுவும் வரிசையாக உழுத காடு இல்லை, பாறை இடுக்குகளில் இங்குள்ள மலைவாழ் இனமான மோங் மக்கள் முதுகுக்கூடையில் மண் சுமந்து வந்து கொட்டி, அந்தக் கையளவு மண்ணில் நட்ட செடிகள். டிராக்டருக்கு இங்கே வேலையே இல்லை. அந்தச் சோளத்தை அரைத்து இரண்டு முறை ஆவியில் வேகவைத்தால் ‘மென் மென்’ என்ற சாப்பாடு, உதிர்த்த புட்டு மாதிரி இருக்கும், சூப் ஊற்றாமல் தொண்டையில் இறங்காது.

சைக்கிள் ஆசை இருப்பவர்கள் ஹா ஜியாங் ஏற்றங்களை விட்டுவிட்டு, ஹனோய்க்குத் தென்மேற்கே மாய் சாவ் போகலாம். சமதளப் பள்ளத்தாக்கு, வயல் நடுவே பாதை, தாய் (Thái) என்ற இன மக்களின் தூண்மேல் நிற்கும் வீடுகள். ஹோம்ஸ்டேக்களிலேயே சைக்கிள் கிடைக்கும், பிரேக்கை மட்டும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம், மண்சரிவில் சாலை அடைபடும். அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்ற தானியச் செடி பூத்து மலையே இளஞ்சிவப்பாக இருக்கும், கூட்டமும் அதிகம். சைவக்காரர்கள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்: டோஃபு இருக்கிறது, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை இருக்கிறது, அப்புறம் நாம் காயை மட்டும் பறித்துவிட்டுக் கொடியிலேயே விட்டுவிடும் சௌசௌ கொழுந்தும் பொரியலாக வரும். மீன் சாஸ் மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.