பல்பு எரிகிறது, படம் விழவில்லை: எம் சிங்கோடு ஒரு மல்லுக்கட்டு

ஒருவழியாக நெகடிவில் கறுப்பு ஏறிவிட்டது. அக்ஃபா இசோலெட் என்ற பழைய மடக்கு பிலிம் கேமரா, அதில் புரோன்டார் எஸ்விஎஸ் ஷட்டர், மடக்கு விசிறி ரிப்ளெக்டர் வைத்த ஒரு பழைய பல்பு பிளாஷ், ஒரு முறை எரிந்தால் தீர்ந்துபோகும் எம்3பி பல்புகள். 1/100 செகண்டில், எம் நிலையில் (பல்பு எரிவதையும் ஷட்டர் திறப்பதையும் ஒத்துப்போகவைக்கும் ‘சிங்க்’ நிலைகளில் ஒன்று) எடுத்த படத்தில் முகம் முழு வெளிச்சத்தில் நிற்கிறது. இந்த ஒரு பிரேமுக்காக ஷட்டரின் உள்ளே போய்ப் பார்த்ததைத்தான் எழுதப்போகிறேன்.

பேட்டரி, கெப்பாசிட்டர் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யூனிட் கேட்பது 22.5 வோல்ட் பேட்டரி. அதற்கு அலையாமல் இரண்டு 12 வோல்ட் 23ஏ பேட்டரிகளைத் தொடராக இணைத்துவிட்டேன். 24 வோல்ட், ஒன்றும் கெட்டுப்போகாது. ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் பெட்டிக்குள் நுழையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேலே மிஞ்சும் இடத்தில் புதுக் கெப்பாசிட்டர் அழகாக உட்காரும். பழையது காய்ந்து செத்திருந்தது. 220 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் ஒன்று போட்டேன். 25 வோல்ட் என்று எழுதியதைப் போடாதீர்கள், 24 வோல்ட்டுக்கு அது மிக நெருக்கம். சார்ஜ் ரெசிஸ்டர் 4.7 கிலோஓம். கணக்குப் போட்டால் ஒரு செகண்டில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும், ஐந்து செகண்டில் முழுசாக. அந்த ரெசிஸ்டரைக் குறைத்து வேகமாகச் சார்ஜ் செய்யலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். இந்த வகை யூனிட்டுகளில் கெப்பாசிட்டர் பெரும்பாலும் பல்பின் இழை வழியாகத்தான் சார்ஜ் ஆகிறது. மின்னோட்டம் கூடினால் பல்பைச் செருகும்போதே கையில் பற்றிக்கொள்ளும். உள்ளே ஆக்சிஜனில் உலோக இழை எரிகிற சாமான், சூடு சும்மா இருக்காது.

அதே காரணத்துக்காக, பல்பு போடுவதற்கு முன்னால் கேமராவின் பிசி சாக்கெட்டை, அதாவது பிளாஷ் வயர் செருகும் துளையை, மல்டிமீட்டரில் ஒரு முறை பார்ப்பது நல்லது. இந்த வயது ஷட்டர்களில் சிங்க் வயரின் உறை நொறுங்கி உடலோடு தொட்டுக்கொண்டிருக்கும். ஷட்டரை அழுத்தாமலே தொடர்பு காட்டினால் பல்பை எடுத்து ஓரமாக வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல்பு முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எரிந்தது. கண் கூசுகிற வெளிச்சம், பிளாஸ்டிக் வாசனை, எல்லாம் உண்டு. ஆனால் ரோலைக் கழுவினால், எம் நிலையில் 1/100-இல் எடுத்ததெல்லாம் கண்ணாடி மாதிரி வெறுமை. இன்னொரு சிங்க் நிலையான எக்ஸில் 1/25-இல் எடுத்ததெல்லாம் பிரமாதம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். எம் வகை பல்பு உச்ச வெளிச்சத்துக்கு வர சுமார் 20 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் எம் நிலையில் முதலில் பல்புக்குத் தொடர்பு கொடுத்துவிட்டு, ஒரு குட்டிப் பல்சக்கர வரிசை 16, 17 மில்லிசெகண்ட் ஷட்டரைப் பிடித்து நிறுத்தி, பிறகு விடும். எக்ஸில் இந்தத் தாமதமே கிடையாது; ஷட்டர் முழுக்கத் திறந்ததும் தொடர்பு விழும். 1/25 என்றால் 40 மில்லிசெகண்ட் திறந்திருக்கும், பல்பு எப்போது உச்சத்துக்குப் போனாலும் உள்ளே மாட்டிக்கொள்ளும். 1/100-க்கு வெறும் 10 மில்லிசெகண்ட். அப்படியானால் என் ஷட்டர் பல்பு எரிந்து அடங்கிய பிறகு சாவகாசமாகத் திறக்கிறது.

எவ்வளவு சாவகாசம் என்று அளக்க வேண்டும். இதற்குப் பல்பை எரிப்பது அநியாயம், இருப்பது கொஞ்சம். அதனால் ஒரு சிவப்பு எல்இடி, ஒரு காசு பேட்டரி, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். மூன்றையும் தொடராக பிசி சாக்கெட்டில் மாட்டி, எல்இடியை லென்ஸ் பக்கத்தில் ஒட்டி, கேமராவின் பின்கதவைத் திறந்து பின்னால் ஒரு வெள்ளை விளக்கை வைத்து, முன்னாலிருந்து செல்போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுத்தேன். ஒரு பிரேம் 4.17 மில்லிசெகண்ட். எல்இடி எரிந்த பிரேமுக்கும் ஷட்டரின் இதழ்கள் திறக்கத் தொடங்கிய பிரேமுக்கும் நடுவில் எண்ணினால் போதும். நான்கு பிரேம் வர வேண்டிய இடத்தில் எட்டரை, ஒன்பது வந்தது. கிட்டத்தட்ட 36 மில்லிசெகண்ட். நெகடிவ் வெறுமையாக வந்ததில் என்ன ஆச்சரியம்!

இந்த அளவையில் சில நுணுக்கம் உண்டு, செய்பவர்களுக்கு உதவும். போன் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. எனவே எல்இடியும் லென்ஸும் படத்தில் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் கணக்கு நழுவும். இரண்டாவது, சில போன்கள் 240 என்று சொல்லிவிட்டு இடைப் பிரேம்களைத் தாங்களே இட்டுக்கட்டும். ஆர்டுயினோ மாதிரி ஒரு குட்டி மின்னணுப் பலகையில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எல்இடியைச் சிமிட்டவைத்துப் படம் எடுத்தால் உங்கள் போனின் நேர்மை தெரிந்துவிடும். மூன்றாவதுதான் முக்கியம்: ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த ஷட்டரின் முதல் அழுத்தலை அளக்க வேண்டும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் பிசுபிசுத்த எண்ணெய் இளகி, ஷட்டர் நல்ல பிள்ளை வேஷம் போடும். படம் எடுக்கப் போகும்போது அது மறுபடியும் பழைய ஷட்டர்தான்.

முன் லென்ஸைக் கழற்றினேன். இசோலெட் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பச்சை கிரீஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பலாப்பால் மாதிரி இறுகிக்கிடக்கும். திட்டிக்கொண்டே சூடு காட்டிக் கழற்றியாயிற்று. முகத்தகட்டை எடுத்ததும் தாமதச் சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியும். லைட்டர் பெட்ரோலை மெல்லிய தூரிகை நுனியில் தொட்டு அந்தச் சக்கரங்களில் மட்டும் வைத்தேன். ஷட்டரையே முக்கி எடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். கரைந்த அழுக்கெல்லாம் இதழ்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு மொத்தத்தையும் பிரிக்க வேண்டிவரும். தொட்டு, உறிஞ்சி, காயவிட்டு, மறுபடியும் தொட்டு. கடைசியில் அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனி அளவு கடிகார எண்ணெய். பக்கத்திலேயே இருக்கும் வி நிலையை, அதாவது செல்ஃப் டைமரை, நான் தொடவே இல்லை. இந்த வயதில் அது பாதி வழியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

சிங்க் தொடர்பு முனைக்கு உப்புத்தாள் வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை நடுவில் விட்டு இழுத்தாலே கறுப்பு வந்துவிடுகிறது. இங்கே இன்னொன்று: எல்இடி எரிவதால் தொடர்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எல்இடிக்குச் சில மில்லிஆம்பியர் போதும், பல்புக்குப் பாயும் மின்னோட்டம் அதைப்போல் பல மடங்கு. பல்பு இடத்தில் ஒரு சின்ன டார்ச் பல்பை வைத்து ஷட்டரை அழுத்தினால், கெப்பாசிட்டர் அதில் ஒரு சிமிட்டல் காட்ட வேண்டும். சிமிட்டல் மங்கினால் பிசி பிளக்கின் வெளிவளையத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேதான். மீதி, பல்பின் அடியில் உள்ள ஈயப்பொட்டில் படிந்த வெண்மை.

காய்ந்த பிறகு மறுநாள் காலை முதல் அழுத்தல்: நான்கு பிரேம். அடுத்தது நான்கு. எப்போதாவது ஐந்து. அது போதும்.

பல்பு வாங்குவதைப் பற்றி. இப்போது கிடைப்பது ஏலத் தளங்களில் வரும் பழைய இருப்புதான். விற்பவரிடம் பெட்டியின் படம் கேட்காதீர்கள், பல்பின் படம் கேளுங்கள். பல பல்புகளில் உள்ளே ஒரு நீலப் புள்ளி இருக்கும். அது இளஞ்சிவப்பாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, எரித்தால் வெடிக்கலாம். வெளிப்பூச்சு உரிந்ததையும் நான் ஒதுக்கிவிடுவேன். ஒருவர் எனக்கு அனுப்பிய கட்டில் பாதிக்கு விரிசல், கேட்டால் ‘பழைய சரக்கு அப்படித்தான்’ என்று பதில். பெட்டியின் பின்னால் அச்சிட்ட கைடு நம்பர் (தூரத்தால் வகுத்தால் லென்ஸின் எஃப் எண்ணைத் தரும் எண்) அட்டவணை பெரும்பாலும் அடிக் கணக்கில் இருக்கும், மீட்டருக்கு 3.28-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பெட்டி 1960-க்கு முந்தையது என்றால் இன்னொரு கவனம். அந்த ஆண்டுதான் பிலிம் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ தரத்தைத் திருத்தி, கறுப்பு வெள்ளை நெகடிவ் பிலிம்களின் வேகத்தைச் சுமார் இரட்டிப்பாக்கினார்கள். அதற்கு முந்தைய அட்டவணையில் 50 என்று இருப்பதை இன்றைய 100-க்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து இரண்டு பல்பு வைத்துப் பார்க்க ஆசை. ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் 1950களின் பின்பாதியில் அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நீராவி ரயில்களை ராத்திரியில் எடுத்தபோது வரிசையாகப் பல்புகளைத் தொடரில் கட்டினார். தொடரில் ஒன்று செத்தால் எதுவும் எரியாது. ரயில் நிற்காது என்று தெரிந்தும் அதைச் செய்திருக்கிறார், மனிதருக்கு நெஞ்சுரம்தான். எனக்கு அசையாத சுவர் போதும்: அழுத்திப் பிடிக்கும்வரை திறந்தே இருக்கும் பி நிலையில் ஷட்டரைத் திறந்துவைத்து, ஒன்றை எரித்து, இடம் மாறி இன்னொன்றை எரித்து, மூடிவிடலாம். அதற்கு சிங்க்கே வேண்டாம் என்பது இத்தனை பாட்டுக்கும் பிறகு கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் துருத்தி, அதாவது லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்பு உறை. இதே ரோலில் மூலைகளில் வெள்ளைக் கோடுகள் வந்திருக்கின்றன. இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பார்த்தால் மடிப்பு முனைகள் எல்லாம் ஊசித்துளை. இசோலெட் துருத்தியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும். இப்போதைக்கு நெகிழும் கறுப்பு பெயின்ட் பூசிக் காயவைத்திருக்கிறேன். நாலு முறை மடித்தால் உரியும் என்றுதான் நினைக்கிறேன், அதனால் புதுத் துருத்திக்கு அளவெடுத்து ஆர்டரும் போட்டாயிற்று.