நான்கு ரிமோட், ஆறு பட்டன்

எங்கள் கொக்குவில் வீட்டு ஹோலில் ரிவிக்குப் பக்கத்தில் ஒரு பனையோலைப் பெட்டி. அதற்குள் நான்கு ரிமோட்: ரிவி, கேபிள் பெட்டி, அம்ப்ளிஃபயர், டிவிடி. செய்தி பார்க்கவே மூன்றை வரிசை தப்பாமல் அமத்த வேண்டும். நான் கிழமை நாட்களில் வேலைக்காக வவுனியாவில் நிற்பவன். பின்னேரம் ஆறரைக்கு அம்மாவின் போன் அடிக்கும்: "தம்பி, இது திரும்பவும் நீலமாக் கிடக்குது." படம் வராமல் வெறும் நீலத் திரை நிற்கிறது என்று அர்த்தம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு முன் ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று இறங்கினேன். திருவிழாவின் 25 நாளும் அம்மா நேரலை பார்ப்பார். 25 நாளும் எனக்குப் போன் வரும்.

முதலில் ரவுனில் ஒரு யூனிவர்சல் ரிமோட் வாங்கினேன். கோட் புத்தகத்தைப் பார்த்து ரிவியை உடனே பிடித்துவிட்டது. அம்ப்ளிஃபயரின் மொடல் புத்தகத்திலேயே இல்லை. அது அத்தான் கனடாவிலிருந்து கொண்டுவந்தது. 120 வோல்ட் சாமான். நம் 230இல் நேரே செருகினால் கதை முடிந்தது என்பதால் பக்கத்தில் ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும்.

சரி, நாமே செய்வோம் என்று கொழும்பிலிருந்து ஈஎஸ்பி8266 என்ற, ப்ரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய சின்ன சிப் உள்ள ஒரு போர்ட், ரிமோட் சிக்னலை அனுப்ப அகச்சிவப்பு எல்ஈடி, அதைப் பிடிக்க ரிசீவர் எல்லாம் கூரியரில் எடுத்தேன். பழைய ரிமோட்டை ரிசீவருக்கு நேரே பிடித்து அமத்தினால் கணினித் திரையில் அந்தப் பட்டனுக்கான எண்கள் வந்து விழும். இந்தப் பகுதி ஒரு இரவு வேலைதான்.

அனுப்புவதுதான் இழுத்தடித்தது. எல்ஈடியை நேரே போர்டின் இணைப்புக் கால் ஒன்றில் கொடுத்தபோது ரிவிக்கு ஒரு முழம் கிட்டப் போனால்தான் வேலை செய்தது. போனின் செல்ஃபி கமராவால் பார்த்தால் எல்ஈடி மெல்லிய ஊதா நிறத்தில் மினுங்குவது தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மினுக்கம் இருந்தது, பலம் இல்லை. அந்தக் காலால் சில மில்லிஅம்பியர் கரண்ட்தான் கொடுக்க முடியும். இடையில், சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஓட விடும் ஒரு ட்ரான்ஸிஸ்டர் போட்ட பிறகு ஹோலின் மறு மூலையிலிருந்தும் பிடித்தது.

எங்கள் ரிவி சோனி. பதிந்த சிக்னலை அப்படியே ஒரு தரம் அனுப்பிப் பார்த்தேன், ஒரு அசைவும் இல்லை. சோனிக்கு ஒரே சிக்னல் மூன்று தரம் தொடர்ந்து போனால்தான் எடுக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

அதை விடப் பெரிய தலையிடி பவர் பட்டன். ரிமோட்டில் இருப்பது ஒரே பட்டன். ஓனில் இருந்தால் ஓஃப், ஓஃபில் இருந்தால் ஓன். கையில் ரிமோட் வைத்திருக்கிறவருக்குக் கண் இருக்கிறது, பார்த்து அமத்துவார். என் போர்டுக்குக் கண் இல்லை. ஏற்கெனவே ஓடும் ரிவியை அது 'போட்டால்' ரிவி அணைந்துவிடும். நல்லகாலம், ரிமோட்டில் அச்சடிக்காத கட்டளைகளும் ரிவிக்குத் தெரியும். சோனியில் பவர் பட்டனின் எண் 21. ஆனால் 46 என்றால் ஓன் மட்டும், 47 என்றால் ஓஃப் மட்டும். 46ஐப் பத்துத் தரம் அனுப்பினாலும் ரிவி ஓனிலேயே நிற்கும். அன்றைக்கு வந்த சந்தோஷம் சம்பள நாளிலும் வந்ததில்லை. அம்ப்ளிஃபயர் ரிமோட்டில் ஓனும் ஸ்டாண்ட்பையும் ஏற்கெனவே தனித்தனிப் பட்டன்.

கேபிள் பெட்டிக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் நீலத் திரை. இரண்டு சனி ஞாயிறு இதிலேயே போனது. காரணம் அம்மா. சுவர் சுவிட்சை நிப்பாட்டாமல் அவருக்கு நித்திரை வராது. ஐப்பசி இடி மின்னலில் பிடித்த பழக்கம். கரண்ட் திரும்ப வந்ததும் அந்தப் பெட்டி தானாகவே ஓனில் எழும்பும். பிறகு என் போர்ட் பவர் சிக்னலை அனுப்பி அதை அணைத்துவிடும்! அந்த வரியை ப்ரோகிராமிலிருந்து அழித்தேன். பெட்டியின் ரிமோட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மிச்சம் நேரக் கணக்கு. ரிவி எழும்பி மற்றக் கட்டளைகளைக் கேட்கத் தொடங்கச் சில விநாடி வேண்டும். 46க்குப் பிறகு 8 விநாடி பொறுத்துத்தான் கேபிள் பெட்டியின் இன்புட்டுக்கு மாற்றச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடைத்து, மேலே ஆறு பட்டன்: பச்சை, சிவப்பு, சத்தம் கூட்ட, குறைக்க, அம்மாவின் இரண்டு சனல். டிவிடியைக் கணக்கில் எடுக்கவில்லை, அதை யாரும் போட்டு வருஷக்கணக்கு.

கொடியேற்றத்தன்று பின்னேரம் வழமை போல ஆறரைக்குப் போன். நெஞ்சு திக்கென்றது.

"தம்பி, சிவப்பை அமத்தின பிறகும் சுவரில நிப்பாட்டட்டோ?"

"நிப்பாட்டுங்கோ அம்மா" என்றேன்.